திருகோணமலை வெக்கைக்கும் மாரிக்கும் எந்த மெத்தை தாக்குப்பிடிக்கும்?

உவர்மலைவாசி:
வணக்கம். பெற்றோரின் அறையிலுள்ள பழைய இலவம்பஞ்சு மெத்தையை மாற்ற எண்ணியிருக்கிறோம். கட்டில் 6 அடி நீளமும் 5 அடி அகலமும் கொண்டது. நகரத்துக் கடைகளில் தும்பு மெத்தை, ஃபோம், ஸ்பிரிங், இறப்பர் என எல்லாம் இருக்கின்றன; ஒரே அளவுக்கே விலை பல மடங்கு வேறுபடுகிறது. அப்பாவுக்கு நாரிநோ இருப்பதால் பலகைபோல் கெட்டியானதுதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். அம்மாவுக்கோ புழுக்கம் ஆகாது. வீடு கடலுக்கு அருகில். அறையில் குளிரூட்டி இல்லை. இந்த விலை வேறுபாட்டுக்கு உண்மையான காரணம் உண்டா, அல்லது பெயருக்குத்தான் பணம் கொடுக்கிறோமா?

பாலையூற்று அன்பர்:
காரணம் உண்டு. ஆனால் அது கடைக்காரர் சொல்லும் தடிப்பில் இல்லை, அடர்த்தியில் இருக்கிறது. ஃபோம் என்பது பொலியூரித்தேன் நுரை. ஒரு கன மீற்றருக்கு 18 கிலோ அடர்த்தியுள்ள நுரையும் 32 கிலோ அடர்த்தியுள்ள நுரையும் உறைக்குள் போனபின் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். முன்னையது இடுப்பு அழுந்தும் இடத்தில் வெகு விரைவில் பள்ளமாகிவிடும். உங்கள் கட்டிலுக்கு 6 அங்குலத் தடிப்பில் எடுத்தால் கனவளவு ஏறத்தாழ 0.42 கன மீற்றர். ஆகவே உறையைத் தவிர்த்து, 18 அடர்த்தியுள்ளது 8 கிலோவுக்குள் நிற்கும். 32 அடர்த்தியுள்ளது 13 கிலோவைத் தாண்டும். இறப்பர் மெத்தை 30 கிலோ அளவுக்கு வரும். அரிசி வாங்கும்போது தராசைப் பார்ப்பதுபோல் இங்கும் நிறுத்துக் காட்டச் சொல்லலாம், கூச்சப்படத் தேவையில்லை.

நிறையை மட்டும் நம்பிவிடவும் கூடாது. கழிவு நுரைத் துண்டுகளைப் பசையிட்டு அழுத்திச் செய்யும் மெத்தைகளும் பாரமாகவும் கெட்டியாகவும் இருக்கும். உறையின் ஸிப்பைத் திறக்க விட்டால், உள்ளே பல நிறத் துணுக்குகள் தெரிவதைக் கொண்டு அதை அறியலாம். திறக்கவே விடாத கடையில் நான் வாங்க மாட்டேன்.

நிலாவெளிக் கரை:
நம் ஊருக்கு அடர்த்தியோடு காலநிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐப்பசியிலிருந்து தை வரையான மாரியில் வீட்டுக்குள் ஈரம் தங்குகிறது. அதன்பின் கச்சான் வீசும் மாதங்களில் இரவிலும் வெக்கை தணிவதில்லை. தும்பு மெத்தை என்பது தென்னந்தும்பைச் சுருளாக்கி, இறப்பர்ப் பால் தெளித்து, வெப்பத்தில் இறுக்கிச் செய்யப்படுவது. அதனூடாகக் காற்று நன்றாகப் போகும், விலையும் குறைவு. ஆனால் ஈரம் ஏறினால் காய நாளாகும், பூஞ்சணம் பிடிக்கும். அந்த இறப்பர் பழுதடையும்போது கட்டிலுக்குக் கீழே பழுப்புத் தூள் கொட்டத் தொடங்கும். ஸ்பிரிங் மெத்தையிலும் காற்றோட்டத்துக்குக் குறைவில்லை, எனினும் உப்புக்காற்றில் கம்பிக்குக் கறள் பிடிக்கும் என்பதால் கடலோர வீட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். மெமரி ஃபோம் உடற்சூட்டில் இளகி உடலைச் சூழ்ந்துகொள்ளும் தன்மையுடையது, ஆகவே குளிரூட்டி இல்லாத அறையில் உங்கள் அம்மா அதை விரும்ப மாட்டார்.

எஞ்சுவது இறப்பர். கேகாலை, களுத்துறைப் பக்கத்து இறப்பர்ப் பாலிலேயே இங்கு செய்கிறார்கள். ஊசித் துளைகள் ஊடே காற்று போகும், அழுத்தினால் உடனே மீளும். இயற்கை இறப்பர் என்ற பெயரில் செயற்கை இறப்பர் கலந்தவையும் விற்கப்படுகின்றன. எவ்வளவு கலப்பு என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் ஒருவர்:
அப்பாவின் பிடிவாதம் பலருக்கும் உள்ளதுதான். ஆனால் ஸ்பெயினில் நாட்பட்ட நாரிநோ உள்ள 313 பேரிடம் நடத்திய ஆய்வொன்று 2003இல் லான்செட் மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்தது. மிகக் கெட்டியான மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தரக் கெட்டியானதில் படுத்தவர்களுக்கே 90 நாள்களில் வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. பலகைபோன்ற மெத்தையில் பக்கவாட்டாகப் படுப்பவருக்குத் தோளும் இடுப்பும் அமிழ இடமிராது, முதுகெலும்பு வளையும். கடையில் கையால் அழுத்திப் பார்க்காமல், அப்பாவையே அழைத்துச் சென்று, அவர் வழமையாகப் படுக்கும் நிலையில் கால் மணி நேரமாவது படுக்க விடுங்கள். வலி காலுக்கு இறங்கினாலோ விறைப்பு இருந்தாலோ முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள்.

தம்பலகாமத்தான்:
எல்லோரும் இறப்பரையே சொல்கிறீர்கள். மூன்று மடங்கு விலை கொடுத்தால் மூன்று மடங்கு காலம் உழைக்க வேண்டாமா? எங்கள் வீட்டில் நல்ல தும்பு மெத்தையின்மேல் இரண்டு அங்குல ஃபோம் விரித்திருக்கிறோம். அப்பாவின் நாரிக்கும் கைச்செலவுக்கும் அது போதும் என்பதே என் எண்ணம். மெத்தையை வெயிலில் போடும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் இறப்பர் வேண்டவே வேண்டாம். பஞ்சுக்கு வெயில் நல்லது; இறப்பரோ நேர் வெயிலில் காய்ந்து வெடித்துப் பொடியாகும்.

உவர்மலைவாசி:
அனைவருக்கும் நன்றி. அம்மா வாரந்தோறும் மெத்தையை முற்றத்தில் காயப்போடுபவர், அதனால் தம்பலகாமத்தாரின் எச்சரிக்கை சரியான நேரத்தில் வந்தது. இன்னுமொன்று: எங்கள் கட்டிலில் குறுக்குச் சட்டங்களுக்கு இடையே ஒரு சாண் இடைவெளி இருக்கிறது. அதன்மேல் இறப்பர் மெத்தையைப் போடலாமா?

பாலையூற்று அன்பர்:
அப்படியே போட்டால் மெத்தை இடைவெளிக்குள் இறங்கிப் பள்ளமாகும். சட்டம் சரியில்லை என்று உத்தரவாதத்தையும் மறுத்துவிடுவார்கள். தச்சரிடம் சொல்லி இடையிடையே சட்டம் சேர்த்து, மூன்று அங்குலத்துக்கு மேற்படாத இடைவெளி விடச் சொல்லுங்கள். முழுப்பலகை அடித்து மூடிவிடாதீர்கள், மாரியில் அடிப்பக்கம் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். அம்மாவுக்கு, மெத்தையைச் சுவரோரம் நிழலில் நிமிர்த்தி வைத்து மின்விசிறியைத் திருப்பிவிட்டால் போதும் என்று சொல்லுங்கள்; விரிப்பையும் உறையையும் மட்டும் வெயிலில் போடட்டும்.