சீலிங்கில் மஞ்சள் வட்டம்: கூரையைப் பழிப்பதற்கு முன் ஆணியைப் பாருங்கள்

கனடாவில் மைனஸ் 25 குளிர் சில நாள் நீடித்து, வெயில் வந்து பூச்சியத்துக்கு மேலே ஏறும் அன்றைக்குத்தான் சீலிங் சொட்டும். மழையே இல்லையே என்று குழம்ப வேண்டாம். டார்ச்சோடு அட்டிக்கில் (சீலிங்குக்கும் கூரைக்கும் இடையிலுள்ள வெளி) ஏறுங்கள். மரச்சட்டத்தில் மட்டும் கால் வையுங்கள், இடையில் வைத்தால் சீலிங்கோடு கீழே வருவீர்கள். கூரைப் பலகையைத் துளைத்து நிற்கும் ஆணி முனைகளில் உறைபனி தெரிகிறதா? கரைந்துபோயிருந்தாலும் துருவும், ஆணியைச் சுற்றிக் கறுப்பு வளையமும் மிஞ்சும். அப்படியானால் கூரையில் பெரும்பாலும் ஓட்டை இல்லை. வீட்டு நீராவி மேலே போய் உறைந்து, இப்போது கரைகிறது.

முதல் சந்தேகம் பாத்ரூம் ஃபேன். குழாய் கழன்று அட்டிக்குள்ளேயே ஊதிக்கொண்டிருக்கும். இன்சுலேசன் (வெப்பம் கடத்தாத பொதி) சுற்றிய 4 அங்குலக் குழாயைக் கூரை வழியாக வெளியே விடுங்கள். சோஃபிட்டில் (கூரை விளிம்பின் அடிப்பக்கம்) விட்டால் அதே ஈரக்காற்று திரும்ப உள்ளே ஏறும். வயர் ஓட்டைகளுக்கு ஸ்ப்ரே ஃபோம், அட்டிக் மூடிக்கு ரப்பர் பட்டி. இதையெல்லாம் அடைக்காமல் இன்சுலேசனை மட்டும் கொட்டினால் பலகை இன்னும் குளிர்ந்து உறைபனி கூடும்.

*

மேலே எழுதிய அண்ணை சொன்னது சரி. ஆனால் கறை வெளிச்சுவரை ஒட்டி இருந்தால் கூரை விளிம்பில் ஐஸ் கட்டி, பின்னால் தேங்கிய தண்ணீர் ஷிங்கிளுக்கு (கூரைமேல் பதித்த தகடு) அடியில் ஏறுகிறது. கோடாரியால் கொத்தாதீர்கள், ஷிங்கிள் போய்விடும். நைலான் ஸ்டாக்கிங்கில் கால்சியம் குளோரைடை நிரப்பி ஐஸின் குறுக்கே, நுனி வெளியே தொங்க வையுங்கள். தண்ணீர் இறங்க வாய்க்கால் விழும்.

*

சீலிங் வேலைக்கு வருவோம். பலூன் மாதிரித் தொங்கினால் மின்சாரப் பிரேக்கரை அணைத்து, வாளி வைத்து, தாழ்ந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் ஒரு குத்து. தொய்ந்த ட்ரைவாலை (சீலிங்கின் ஜிப்சம் பலகை) வெட்டியே ஆகவேண்டும். உறுதியாக இருந்து கறை மட்டும் என்றால், நன்றாகக் காயவிட்டு ஷெல்லாக் அல்லது ஆயில் பிரைமர் (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு). தண்ணீர் கலந்த லேடெக்ஸ் பிரைமர் அடித்தால் மஞ்சள் திரும்ப வரும். 1990க்கு முந்தைய வீட்டில் பொரிபொரியான சீலிங் என்றால் சுரண்டுமுன் ஆஸ்பெஸ்டாஸ் சோதனை.

பலர் விடுவது ஒன்று: ட்ரைவால் வெட்டும்போது மேலே உள்ள, நீராவியைத் தடுக்கும் பாலித்தீன் தாளும் கிழியும். புதுப் பலகை ஏற்றுமுன் அதைச் சிவப்பு டேப்பால் ஒட்டுங்கள்.