420 கி.மீ. ஓடிய புது 350 பைக்: முதல் சர்வீஸுக்கு முன் உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. புது ரெட்ரோ வண்டி, 350 சிசி சிங்கிள் சிலிண்டர், ஸ்போக் வீல். 500 கி.மீ.யில் முதல் சர்வீஸ்.

ரன்னிங்-இன் (புது இன்ஜினை ஆரம்பத்தில் பக்குவமாக ஓட்டிப் பழக்குவது) ஒழுங்காகத்தான் போகிறது. மணிக்கு 60 கி.மீ.யைத் தாண்டுவதில்லை, ஒரே வேகத்தில் நீளமாக ஓட்டுவதில்லை, டாப் கியரில் திணறவிடுவதும் இல்லை. பிஸ்டன் ரிங் சிலிண்டரில் சரியாகப் பதிய வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுவதுதான் முக்கியம்.

பெரிய தலைவலி நியூட்ரல். இன்ஜின் சூடானதும், சிக்னலில் நின்றபடி தட்டினால் ஒன்றிலிருந்து நேரே இரண்டுக்குத் தாவுகிறது. உருளும்போது இரண்டிலிருந்து மெல்லத் தட்டினால் நியூட்ரல் விழுந்துவிடுகிறது. கிளட்சை முழுக்கப் பிடித்தாலும் வண்டி லேசாக முன்னே தள்ளுகிறது, அதனால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று சந்தேகம். அட்ஜஸ்டரில் கேபிள் ப்ளேயை (லீவரின் தளர்வை) குறைத்தும் கொஞ்சம்தான் வித்தியாசம். முதல் ஆயில் மாற்றத்தில் இது சரியாகுமா, கிளட்ச் பிளேட்டைப் பார்க்கச் சொல்லணுமா?

அடுத்து, த்ராட்டிலை மூடினால் சைலன்சரில் பட் பட் வெடிப்பு. லேசாக இருந்தால் விட்டுவிடலாம். ஆனால் சைலன்சர் பைப் இன்ஜின் ஹெட்டில் சேரும் இடத்தில் கண்மை இழுத்த மாதிரி மெல்லிய கரிக்கோடு, அதாவது அங்கே கசிவு. நட்டை டார்க் ரெஞ்சில் (அளவான விசையில் இறுக்கும் ஸ்பேனர்) இறுக்கினால் போதுமா, கேஸ்கெட் (இணைப்பில் கசிவைத் தடுக்கும் வளையம்) புதுசு போடணுமா?

முன் வீலில் ஸ்க்ரூடிரைவரால் தட்டினால் எல்லா ஸ்போக்கும் 'டிங்', இரண்டு மட்டும் 'டொக்'. ரிம்மில் ஆட்டம் இல்லை. வீட்டிலேயே கால் சுற்று இறுக்கலாமா?

சர்வீஸ் முடிந்தவர்கள் ஜாப் கார்டில் (சர்வீஸ் வேலைகளைக் குறிக்கும் சீட்டு) என்னென்ன எழுதச் சொன்னீர்கள் என்று சொல்லுங்கள்.