பிரான்ஸ்ல மோட்டார்ஹோம்: ரைஸ் குக்கர் ஓடுமா?

கேள்வி (தண்டையார்பேட்டை): நானும் வீட்டுக்காரரும் மோட்டார்ஹோம் (படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி) எடுத்து லுவார் ஆத்துப் பக்கம் பத்து நாள் நிதானமா சுத்தப்போறோம். ரைஸ் குக்கர், கெட்டில் கொண்டுபோகலாமா? லைசென்ஸ்?

பதில்: கேம்ப்சைட்ல (வண்டி நிறுத்தி தங்குற இடம்) கரண்ட் எத்தனை ஆம்ப்னு முதல்ல கேளுங்கக்கா. 6 ஆம்ப்னா 230 வோல்ட்ல 1380 வாட்தான். 700 வாட் குக்கர் ஓடும். 2000 வாட் கெட்டில் போட்டா பிரேக்கர் விழுந்துடும். வெந்நீர் கேஸ்லயே வைங்க. நம்ம மூணு பின் பிளக் அங்க நுழையாது, அடாப்டர் வேணும்.

பதில்: ஆர்டிஓல இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் வாங்குங்க, ஒரு வருஷம் செல்லும். வண்டி மொத்த எடை 3.5 டன் தாண்டக்கூடாது. 100 லிட்டர் தண்ணியே 100 கிலோ, அரிசி மூட்டையெல்லாம் வேணாம்!

பதில்: டாய்லெட் கேசட் (கழிவு சேர்ற, கழட்டி எடுக்கிற தொட்டி) ரெண்டு மூணு நாள்ல ரொம்பிடும். சாக்கடையில கொட்டாதீங்க, மோட்டார்ஹோம் நிறுத்தத்துல அதுக்குன்னே இடம் இருக்கு. கிராமத்து முக்குல யாருக்கு முதல் வழின்னு போர்டு இல்லேன்னா வலப்பக்கம் வர்ற வண்டிக்குத்தான் வழி. நம்மாளுங்க கோட்டை விடுறது இங்கதான்.