71 வயது அப்பாவின் மெடிக்ளெய்ம்: "10 சதவீதம்தான் ஏத்தியிருக்கோம்" என்பது சரியா?

யமுனைக்கரை:
டெல்லி பாலிசி. அப்பாவுக்கு 71, சர்க்கரை உண்டு. அம்மாவுக்கு 66. ரெண்டு பேருக்கும் சேர்த்து 10 லட்சம் ஃப்ளோட்டர், 9 வருஷமா விடாம கட்டுறோம். 2025 ஆகஸ்ட்ல கட்டினது 84,960 ரூபாய். இப்ப 93,456 கேக்கறாங்க. "சீனியர் சிட்டிசனுக்கு 10 சதவீதத்துக்கு மேல ஏத்தலை, விதிப்படிதான் சார்" என்கிறது கால் சென்டர். ஜிஎஸ்டியையே எடுத்தாச்சே, அப்புறம் எப்படி ஏறும்? வயசானவங்களை இப்படிப் பிழியறது அநியாயம். கம்பெனி மாறலாமா? புதுப்பிக்க 55 நாள் இருக்கு.

பாலிசி கணக்கன்:
அந்த 10 சதவீதக் கணக்கே தப்பு. போன வருஷ ரசீதைப் பிரிச்சுப் பாருங்க: பிரீமியம் 72,000, அதுக்கு 18% ஜிஎஸ்டி 12,960. வரி அரசுக்குப் போனது, அது பிரீமியம் ஆகாது. தனிநபர், குடும்ப ஃப்ளோட்டர் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி கிடையாது. ஆக 93,456-ம் முழுக்க பிரீமியம். 72,000-லேர்ந்து அது ஏறத்தாழ 30 சதவீத ஏற்றம்! வரியில மிச்சமாக வேண்டிய பணத்தை அப்படியே அவங்க எடுத்துக்கிட்டு, மேல வேற ஏத்தியிருக்காங்க. கமிஷன், வாடகை மாதிரி செலவுகளுக்குக் கட்டின ஜிஎஸ்டியை இப்ப ஈடுகட்டிக்க முடியலைன்னு சொல்வாங்க. அது உண்மைதான், ஆனா 30 சதவீதத்துக்கு அது பதில் இல்லை.

60 தாண்டினவங்களுக்கு வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல ஏத்தணும்னா முன்கூட்டியே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயைக் கலந்து பேசணும்னு 2025 ஜனவரி 30-ம் தேதி உத்தரவு இருக்கு. அதனால போன்ல பேசாதீங்க, மெயில் போடுங்க. வரி நீங்கலா ரெண்டு வருஷ பிரீமியம் எவ்வளவு, ஏற்றத்துல வயசுப் பிரிவு மாறினதுக்கு எவ்வளவு, விலைத் திருத்தத்துக்கு எவ்வளவு, ஆணையத்தைக் கலந்தாங்களா? இதுக்கு எழுத்துல பதில் வாங்குங்க. கிளெய்ம் எடுத்தீங்கன்னு உங்க பாலிசிக்கு மட்டும் தனியா ஏத்தவும் கூடாது.

பதில் திருப்தியா இல்லைன்னா கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்க, ஆணையத்தோட புகார் தளமான பீமா பரோசாவிலயும் பதியுங்க. 30 நாள்ல தீரலைன்னா ஆசஃப் அலி ரோடு இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் (காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்) அலுவலகம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

ஆர்.கே.புரம் செக்டர் 4:
தம்பி, போர்ட் பண்றதா (பழைய வருஷங்களோட சலுகையை விடாம வேற கம்பெனிக்கு மாறறதா) இருந்தா புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்னாடியே விண்ணப்பம் போயாகணும். உங்களுக்கு இருக்கிறது பத்து நாள்தான். 71 வயசு, சர்க்கரைன்னு பார்த்ததும் புது கம்பெனி மறுக்கலாம், அந்த உரிமை அவங்களுக்கு இருக்கு. சர்க்கரையை மட்டும் மறைச்சுடாதீங்க. எழுத்துல சம்மதம் வர்ற வரைக்கும் பழைய பாலிசியை விடவே கூடாது. 30 நாள் கிரேஸ் (தாமதமா கட்ட அவகாசம்) இருந்தாலும், பணம் கட்டாத அந்த இடைவெளியில ஆஸ்பத்திரிச் செலவு வந்தா கிளெய்ம் கிடைக்காது. 60 மாசம் தொடர்ந்து கட்டின பாலிசியில, மோசடி நிரூபணமானால் ஒழிய, தகவல் மறைச்சதா சொல்லி கிளெய்மை மறுக்க முடியாது. பாலிசி அறுந்தா அந்தப் பாதுகாப்பும் போயிடும்.

மலிவுன்னு ரூம் வாடகை வரம்பு உள்ள பிளானுக்குத் தாவாதீங்க. 5 லட்சம் கவர், 1 சதவீத வரம்புன்னா நாளுக்கு 5,000. 10,000 ரூபாய் ரூம் எடுத்தா வாடகையோட நிக்காது, சர்ஜன், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் கட்டணத்துலயும் பாதிதான் கம்பெனி தரும். மருந்து, இம்பிளான்ட், டெஸ்டுக்கு அந்த வெட்டு இல்லை.

ஜனக்புரி தமிழன்:
70 தாண்டினவங்களுக்கு ஆயுஷ்மான் வய வந்தனா கார்டு உண்டு, வருமான வரம்பு கிடையாது. மருத்துவச் செலவுக்கு மத்திய அரசு 5 லட்சம், டெல்லி அரசு இன்னொரு 5 லட்சம். தனியார் பாலிசி இருந்தாலும் எடுக்கலாம். மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டமான சிஜிஹெச்எஸ் இருந்தா மட்டும் ரெண்டுல ஒண்ணைத் தேர்வு செய்யணும். ஆயுஷ்மான் ஆப்ல ஆதார் சரிபார்ப்பு (ஈகேஒய்சி) முடிச்சா போதும். ஆனா பட்டியல்ல உள்ள ஆஸ்பத்திரியிலதான் செல்லும். நீங்க வழக்கமா போற இடம் அதுல இருக்கான்னு பார்த்துட்டு மத்ததை முடிவு பண்ணுங்க.

யமுனைக்கரை:
நன்றி. அம்மாவைத் தனியா பிரிச்சா லாபமா?

பாலிசி கணக்கன்:
ஃப்ளோட்டர்ல பெரும்பாலும் மூத்தவர் வயசை வச்சுத்தான் விலை. அதே கம்பெனியில தனித்தனியா மாத்தினா எவ்வளவுன்னு கேளுங்க, பழைய வருஷங்கள் ரெண்டு பேருக்கும் தொடரும்னு எழுதி வாங்குங்க. 10 லட்சத்தை 5 ஆக்கி, மேல 5 லட்சம் டிடக்டிபிள் வச்ச சூப்பர் டாப்-அப் (வருஷச் செலவு 5 லட்சத்தைத் தாண்டினா மீதியைத் தர்ற பாலிசி) எடுத்தா மொத்தச் செலவு பெரும்பாலும் குறையும். ஆனா சூப்பர் டாப்-அப்புக்குக் காத்திருப்புக் காலம் புதுசா ஆரம்பிக்கும், ஏற்கனவே உள்ள நோய்க்கு 36 மாசம் வரை கிளெய்ம் கிடைக்காது. அதனால முதல்ல டாப்-அப்பை எடுத்து அந்தக் காலம் ஓடட்டும், அப்புறம் அடிப்படைத் தொகையைக் குறைங்க.