டிசம்பர் விடுமுறையில் வியட்நாம்: எந்தக் கரைக்குப் போவது?

வைகைக்கரை கேட்கிறார்:

வணக்கம். அரையாண்டுத் தேர்வு விடுமுறையில், டிசம்பர் 24 முதல் எட்டு இரவுகள் தங்கும்படி வியட்நாம் செல்ல எண்ணியிருக்கிறோம். நானும் மனைவியும், பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், எழுபதைத் தொட்ட என் பெற்றோர் என ஆறு பேர். பயண முகவர் ஒருவர் கொடுத்த திட்டத்தில் ஹனோய், ஹாலாங் விரிகுடா, டா நாங், ஹோய் ஆன், ஹோ சி மின் நகரம் ஆகிய ஐந்தும் அடங்கியுள்ளன. பிள்ளைகளுக்குக் கடலில் குளிக்க வேண்டும். அப்பாவுக்கோ அங்கே முற்காலத்தில் ஆண்ட சாம் இன மன்னர்கள் கட்டிய மி சன் சிவன் கோயில்களைப் பார்த்தே ஆக வேண்டும். அம்மா சுத்த சைவம், முட்டைகூடத் தொட மாட்டார். இத்திட்டம் எங்களுக்குச் சரிவருமா? விசாவுக்கு மட்டும் தலைக்கு ஐயாயிரம் ரூபாய் கேட்கிறார்கள், அது முறைதானா?

கடலோடி:

வணக்கம் ஐயா. ஐந்து ஊர்களும் நல்ல ஊர்கள்தாம். ஆனால் அவை அனைத்துக்கும் ஒரே மாதம் நல்ல மாதமாக அமைவதில்லை என்பதை உங்கள் முகவர் சொல்லவில்லை போலிருக்கிறது. வடக்கு தெற்காக 1,600 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கும் நாடு அது. நீங்கள் போகும் நாள்களில் ஹனோயில் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளும் அளவுக்குக் குளிர் இருக்கும். ஹாலாங்கில் படகில் சுற்றலாம், பனிமூட்டம் விலகினால் குன்றுகளும் தெரியும். ஆனால் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்க முடியாது.

நடுப்பகுதியின் கதை நமக்குப் பழக்கமானது. ஐப்பசி, கார்த்திகையில் சென்னையை நனைக்கும் அதே வடகிழக்குப் பருவக்காற்று, தென்சீனக் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு போய் அங்குள்ள துருவோங் சோன் மலைத்தொடரில் மோதுவதால், ஹுவே முதல் ஹோய் ஆன் வரையிலான கரையில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை கொட்டித் தீர்க்கிறது. 2025 அக்டோபர் இறுதியில் ஹுவேயும் ஹோய் ஆனும் வெள்ளத்தில் மூழ்கியது நினைவிருக்கலாம். டிசம்பர் கடைசியில் அந்தச் சீற்றம் தணிந்துவிடும் என்றாலும், மேகமூட்டமும் தூறலும் கொந்தளிக்கும் கடலும் மிஞ்சியிருக்கும்.

தெற்கே அப்போது வறண்ட பருவம். தாய்லாந்து வளைகுடாவில் உள்ள ஃபூ குவோக் தீவின் மேற்குக் கரையில் கடல் குளம்போல் கிடக்கும். ஹோ சி மின் நகரிலிருந்து விமானத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். ஆகவே வடக்கையும் நடுப்பகுதியையும் துணிந்து வெட்டிவிட்டுத் தெற்கிலேயே இருங்கள். டா நாங் கடற்கரையைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் அதற்கு உகந்தது நம் கோடை விடுமுறை. மே மாதத்தில் அங்கே வெயிலும் உண்டு, கடலும் அமைதியாக இருக்கும்.

செங்கல்தளி:

பருவக் கணக்கில் கடலோடி சொல்வதை மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் அப்பாவின் ஆசையை ஒரே வரியில் வெட்டிவிட முடியுமா? 1999-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த மி சன், ஹோய் ஆனிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருக்கிறது. 1969-இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் அதன் மிகப் பெரிய கோயில் தகர்ந்தது. இந்தியத் தொல்லியல் துறை 2017 முதல் அங்கே சீரமைப்புப் பணி செய்துவந்தபோது, 2020-இல் 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒற்றைக்கல் சிவலிங்கம் ஒன்று வெளிப்பட்டது. அதைப் படித்துவிட்டுத்தான் கேட்கிறார் என்று நினைக்கிறேன்.

இருந்தாலும், எழுபது வயதுக்காரரை மழையில் ஈரமான செங்கல் தரையில் நடத்திச் செல்வதைவிட, தெற்கிலேயே சாம் கோயில் ஒன்றைக் காட்டுவது நல்லது. ஃபான் தியெட் நகருக்கு வெளியே, கடலைப் பார்த்த குன்றின்மேல் போ சா இனு கோபுரங்கள் நிற்கின்றன. 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சைவத் தளிகள். மி சன்னைப் போலப் பரந்த வளாகமில்லை, ஆனால் குன்றும் சிறியது, கூட்டமும் குறைவு. செங்கற்களுக்கு இடையே சாந்து இருப்பதே தெரியாமல் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பதை அப்பா பக்கத்தில் நின்று பார்க்கட்டும். எப்படி ஒட்டினார்கள் என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் ஒரு முடிவுக்கு வரவில்லை. 2023-இல் திறந்த விரைவுச் சாலையால் ஹோ சி மின் நகரிலிருந்து கார்ப் பயணம் பாதியளவு குறைந்துவிட்டது. நகரத்திலுள்ள வரலாற்று அருங்காட்சியகத்திலும் சாம் சிற்பங்கள் உள்ளன. பென் தான் சந்தைக்கு அருகிலுள்ள மாரியம்மன் கோயிலுக்கும் அம்மாவை அழைத்துச் செல்லுங்கள். தமிழர் எழுப்பிய கோயில் அது. இன்று அங்கே ஊதுபத்தி ஏந்தி நிற்பவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியரும் சீனருமே.

தாள்கணக்கு:

விசா பற்றி எவரும் சொல்லவில்லை. ஒருமுறை நுழைவதற்கான மின்விசாவுக்கு அரசுக் கட்டணம் 25 டாலர். அரசின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். அதே தோற்றத்தில் தனியார் தளங்கள் பல இருப்பதால், முகவரி 'கவ்.விஎன்' என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கும் தனித்தனி விசா வேண்டும். நம்மில் பலரது கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் இடம் காலியாக இருக்கும்; அப்படியிருந்தால் கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளில் பெயர் எவ்வாறு உள்ளதோ அவ்வாறே நிரப்புங்கள், ஓர் எழுத்துகூட மாறக்கூடாது. வெளிநாட்டிலிருந்து நேரே ஃபூ குவோக் தீவுக்கு வந்து அங்கேயே இருந்து திரும்புவோருக்கு 30 நாள் விசா விலக்கு உண்டு; நீங்கள் மற்ற ஊர்களுக்கும் போவதால் அது உதவாது.

அம்மாவின் சாப்பாடு உண்மையில் கவனிக்க வேண்டிய ஒன்று. காய்கறி மட்டுமே போட்டுச் செய்தது என்று தரும் பதார்த்தத்திலும் நுவோக் மாம் என்ற மீன் சாறு கலந்திருக்கும். அதை அவர்கள் உப்பைப்போலக் கருதுகிறார்கள். 'சாய்' என்று பலகை மாட்டிய கடைகள் பௌத்த சைவ உணவகங்கள். அங்கே தயங்காமல் உண்ணலாம், முட்டை வேண்டாம் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள். மற்றபடி, 5,00,000 டோங் தாளும் 20,000 டோங் தாளும் நீல நிறத்தில் இருப்பதால், மாலை நேரத்தில் டாக்சியில் பணம் கொடுக்கும்போது சுழியங்களை எண்ணிப் பார்த்துக் கொடுங்கள்.

வைகைக்கரை:

அனைவருக்கும் நன்றி. அப்பாவிடம் போ சா இனு படங்களைக் காட்டினேன். மி சன்னைக் கோடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவரே சொல்லிவிட்டார். ஹோ சி மின் நகரில் இரண்டு இரவு, ஃபான் தியெட்டில் இரண்டு, ஃபூ குவோக்கில் மூன்று, திரும்பும்போது நகரில் ஓர் இரவு என்று மாற்றியிருக்கிறேன். ஃபான் தியெட்டை ஒட்டிய முய் நே கடற்கரையிலேயே பிள்ளைகளைக் குளிக்க விடலாமா?

கடலோடி:

அங்கே வேண்டாம். டிசம்பரில் முய் நேயில் காற்று பலமாக வீசும். பட்டம் கட்டி அலைமேல் சறுக்குபவர்கள் அந்தக் காற்றுக்காகவே வருகிறார்கள். மணற்குன்றுகளை விடியற்காலையில் காட்டிவிட்டு, கடல் குளியலை ஃபூ குவோக்கிற்கு ஒதுக்குங்கள். உங்கள் கடைசி நாள் ஆங்கிலப் புத்தாண்டு, அங்கும் பொது விடுமுறை. தீவிலிருந்து திரும்பும் விமானச் சீட்டை இப்போதே எடுத்துவிடுவது நல்லது. திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகருக்கு வியட்ஜெட் 2023 நவம்பரில் நேரடி விமானம் தொடங்கியது. உங்கள் தேதிகளில் அது இருந்தால் பெரியவர்களுக்கு இடையில் விமானம் மாறும் அலைச்சல் மிச்சம்.