மறு: "சமூகப் பொறுப்பு முதலீடு" - வேற சொல் பாக்கலாமா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

கம்பெனி எப்படி நடந்துக்குதுன்னு பாத்துப் பணம் போடறதுக்கும் பொருள் வாங்கறதுக்கும் தமிழ்ல என்ன சொல்லலாம்னு பேசற இந்த இழையை முழுசா இன்னிக்குத்தான் படிச்சேன். ஐயா சொன்ன "சமூகப் பொறுப்பு முதலீடு" காதுக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா படிக்கிறவங்களுக்கு உடனே சி.எஸ்.ஆர். (கம்பெனிங்க சமூக நலனுக்குப் பண்ற செலவு) தான் ஞாபகம் வரும். 2013 கம்பெனி சட்டத்துல 135ஆம் பிரிவு இருக்கே, பெரிய கம்பெனிங்க மூணு வருஷ சராசரி லாபத்துல 2% செலவு பண்ணணும்னு, அதைத்தான் பேப்பர்ல எல்லாம் சமூகப் பொறுப்பு நிதின்னு எழுதறாங்க. அது லாபம் வந்தப்புறம் கம்பெனி எடுத்துக் குடுக்கறது. நாம சொல் தேடறது அதுக்கு முந்தின இடத்துக்கு, அந்த லாபமே எப்படி வந்துச்சுன்னு பணம் போடறவங்களும் பொருள் வாங்கறவங்களும் கேக்கறாங்களே, அதுக்கு.

நான் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில கணக்கு எழுதினவன். அங்க அவசர வழிக் கதவு எப்பவும் பூட்டியே கிடக்கும், தையல் செக்சன் பொண்ணுங்க எத்தனையோ தடவை சொல்லிப் பாத்தாங்க, யாரும் காதுல போட்டுக்கல, ஒரு தடவை பையர் (எங்ககிட்ட துணி வாங்கற கம்பெனி) ஆடிட்ல அதை எழுதி அடுத்த ஆர்டரை நிறுத்தி வெச்சாங்க பாருங்க, ஒரே வாரத்துல பூட்டைக் கழட்டிட்டாங்க. அந்த பலம் யார் கையில இருக்குன்னு சொல்லுல தெரியணும்ங்க.

அக்கா சொன்ன "அறமுதலீடு" எனக்கும் பிடிச்சுது. ஆனா அறக்கட்டளை, அறநிலையத்துறைன்னு பழகிப் பழகி அறம்னாலே தர்மத்துக்குக் குடுக்கறது, திரும்பி வராத பணம்னு ஆயிடுச்சு. இதுல பணம் போடறவங்க லாபத்தையும் எதிர்பாக்கறாங்க. போதாததுக்கு புறநானூறு 134ல "அறவிலை வணிகன்"னு ஒரு சொல் வருது, இங்க செஞ்சா மறுமையில கிடைக்கும்னு கணக்குப் போட்டு தானம் பண்றவன், வள்ளல் ஆய் அப்படிப்பட்டவன் இல்லைன்னு புலவர் சொல்றார். அறத்தையும் வியாபாரத்தையும் சேத்து ஒட்டினா பழைய தமிழ்லயே நல்ல பேர் இல்ல.

அதனால "நெறி" எடுத்துக்கலாம்ங்கறது என் யோசனை. பணம் போடறதுக்கு நெறிமுதலீடு, பொருள் வாங்கறதுக்கு நெறிநுகர்வு. இதுக்குப் பொருத்தமான வரலாறும் இருக்கு. 1977ல லியோன் சல்லிவன்னு ஒரு பாதிரியார், ஜெனரல் மோட்டார்ஸ் போர்டுல இருந்த கறுப்பர், அப்ப வெள்ளையர் நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுல தொழில் பண்ற அமெரிக்க கம்பெனிகளுக்கு நெறிகள் வகுத்தார், கறுப்பர் வெள்ளையர் எல்லாருக்கும் ஒரே கேண்டீன், ஒரே கழிப்பறை, சம வேலைக்கு சம கூலின்னு. பத்து வருஷம் பாத்துட்டு, இது போதாது, எல்லாரும் அந்த நாட்டை விட்டு வெளிய வாங்கன்னு 1987ல அவரே சொன்னார்.

இப்படி போட்ட பணத்தை எடுத்துக்கிட்டு வெளிய வர்றதுக்கு என்ன சொல்றதுங்கறதுதான் அடுத்த சிக்கல். "பங்கு விலக்கல்" ஏற்கெனவே அரசாங்கம் பொதுத்துறைப் பங்கை விக்கறதுக்குப் போயிடுச்சு. "மீட்பு"ன்னா மியூச்சுவல் பண்டு யூனிட்டை வித்துப் பணமாக்கறது. நான் சொல்றது "முதலீட்டு மறுப்பு". குறள் 256 பாருங்க, தின்கிறதுக்காக உலகம் கொல்லலைன்னா விலைக்கு ஊன் விக்க யாருமே இருக்க மாட்டாங்கன்னு வருது, வாங்கறவன் இருக்கறதாலதான் விக்கறவன் இருக்கான்ங்கற நம்ம விஷயமேதான், அது இருக்கற அதிகாரத்தோட பேரு "புலால் மறுத்தல்". அப்புறம் 1984ல டப்ளின்ல டன்ஸ் ஸ்டோர்ஸ்ங்கற கடையில கேஷியரா இருந்த மேரி மேனிங், தென்னாப்பிரிக்கப் பழத்துக்கு பில் போட மாட்டேன்னு சொல்லி சஸ்பெண்ட் ஆச்சு, கூட இருந்தவங்களும் வேலைநிறுத்தத்துல இறங்கி கிட்டத்தட்ட மூணு வருஷம் தெருவுல நின்னாங்க, 1987ல அயர்லாந்து அரசாங்கமே தென்னாப்பிரிக்கக் காய்கறி பழ இறக்குமதிக்குத் தடை போட்டுச்சு. அந்தப் பொண்ணு செஞ்சதுக்கு மறுப்பை விட்டா வேற என்ன சொல் இருக்கு? பணத்துக்கும் சரி பழத்துக்கும் சரி, முதலீட்டு மறுப்பு, நுகர்வு மறுப்புன்னு ஜோடியாவும் வந்துடும்.

"நெறிநுகர்வு"லதான் எனக்கு மனசு முழுசா ஒப்பல, கடைக்குப் போறவங்க யாரும் நுகரப் போறேன்னு சொல்றதில்ல, வாங்கப் போறேன்னுதான் சொல்வாங்க, ஆனா "நெறிவாங்கல்" ஒட்டவே மாட்டேங்குது. "கொள்ளல்" வெச்சு யாராவது ஏதாவது அமைச்சுப் பாத்தா இதே இழையில போடுங்க.