தங்கையின் கண்டக்டிங் ஆடிஷனுக்கு டர்பனில் வாத்தியக்காரர்கள் தேவை

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். என் தங்கை இசையில் இளங்கலை முடித்துவிட்டாள். ஆர்கெஸ்ட்ரா கண்டக்டிங்கில், அதாவது வாத்தியக் குழுவின் முன் நின்று கையசைத்து வழிநடத்தும் கலையில், முதுகலை படிக்க வேண்டும் என்பது அவளுடைய பெரிய ஆசை. கேப் டவுன், ஸ்டெல்லன்போஷ், அப்புறம் சில வெளிநாட்டுக் கல்லூரிகளில் விசாரிக்கிறோம்.

சிக்கல் வீடியோவில்தான். நேரில் அழைக்கும் முன் பல இடங்களில் அவள் கண்டக்ட் செய்யும் வீடியோ ஒன்றைக் கேட்கிறார்கள். வாசிப்பவர்கள் பக்கத்திலிருந்து, அவள் முகமும் இரண்டு கைகளும் தெரிய எடுக்க வேண்டும். பியானோ படிப்பவர் தனியறையில் பழகலாம். கண்டக்டருக்கு எதிரே ஆட்கள் வேண்டும். ஆதி தாளம் போட்டு வளர்ந்தவள், கணக்கு தவறாது. ஆனால் இங்கே கை, ஒலிக்கு முன்பே பேச வேண்டும். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி ஒரு சிறு மௌனத்தில்தான் தொடங்குகிறது. அந்த மௌனத்தைக் கை தெளிவாகக் காட்டினால்தான் எல்லோரும் ஒன்றாக நுழைய முடியும். கண்ணாடி முன் நின்று இதைக் கற்க முடியாது.

வயலின், வியோலா, செல்லோ வாசிக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் ஒரு சனிக்கிழமை மதியம் வர முடியுமா? சாப்பாடும் வண்டிச் செலவும் எங்கள் பொறுப்பு.

கண்டக்டிங் படித்தவர்கள் யாராவது இருந்தால் இதையும் சொல்லுங்கள்: இரண்டு பியானோவை மட்டும் வைத்து எடுத்த வீடியோவை ஏற்றுக்கொள்கிறார்களா? ஆர்கெஸ்ட்ரா ஸ்கோரை (எல்லா வாத்தியங்களின் இசைக்குறிப்பும் சேர்ந்த தாளை) பார்த்துப் பியானோவில் வாசிக்கச் சொல்லும்போது எவ்வளவு கடினமானதைத் தருகிறார்கள்? உதவித்தொகை பற்றித் தெரிந்தாலும் எழுதுங்கள்.